கூலியாளில் இருந்த ஆள் எங்கே?

நகைக்கடையில் சங்கிலி வாங்கப் போகிறவர் ‘செய்கூலி எவ்வளவு?’ என்று கேட்கிறார். கடைக்காரர் முகம் சுளிப்பதில்லை. பண்டிகைக் காலத்தில் ‘செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை’ என்று விளம்பரமே வருகிறது. தையல் கடையில் தையற்கூலி, மாவு மில்லில் அரைவைக்கூலி, லாரியில் சாமான் ஏற்றினால் ஏற்றுக்கூலி, இறக்கினால் இறக்குக்கூலி. இந்த இடங்களில் எல்லாம் அந்தச் சொல்லால் யார் மனமும் புண்படுவதில்லை.

அதே சொல்லை ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே சொல்லிப் பாருங்கள். கல்யாணப் பேச்சில் ‘அவர் கூலிக்காரர் மகன்தானே’ என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் போதும், சம்பந்தமே முறிந்துவிடும். 2025 ஆகஸ்டில் ரஜினிகாந்த் நடித்த ‘கூலி’ படம் வந்தபோது அந்தப் பெயருக்கு ரசிகர்கள் விசில் அடித்தார்கள். ஆனால் திரையரங்கை விட்டு வெளியே வந்த பிறகு அதே பெயரால் தன்னை யாரும் அழைக்க அவர்கள் விடமாட்டார்கள்.

இந்த முரண்பாட்டை நன்றாக அறிந்த ஊர்களில் ஒன்று பேராக் மாநிலத்தின் செமோர். ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட்டுக்குப் போகும் வழியில், கிந்தா மாவட்டத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக் குன்றுகள், ஈயம் தோண்டிய பள்ளங்கள், அவற்றைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் என்று இருந்த வட்டாரம் இது. தோட்டங்கள் பல இன்று தாமான்களாகவும் செம்பனை நிலமாகவும் மாறிவிட்டன. அங்கிருந்து படித்து வெளியேறிய பிள்ளைகள் ‘தாத்தா தோட்டத்தில் வேலை செய்தார்’ என்பார்கள். ‘கூலி வேலை செய்தார்’ என்று சொல்லத் தயங்குவார்கள்.

பொருளுக்குச் சொன்னால் கணக்கு, மனிதருக்குச் சொன்னால் வசை. ஒரே சொல்லுக்கு இந்த இரண்டு முகங்கள் எப்படி வந்தன? ‘சம்பளம்’, ‘ஊதியம்’ என்ற அதன் உறவுச் சொற்களுக்கு இந்த நிலை ஏன் வரவில்லை? இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு நூற்றாண்டுத் தோட்ட வரலாறே அதற்குள் தெரிகிறது.

குறளில் இருந்த இடம்

முதலில் திருக்குறளைப் பார்க்கலாம். 619ஆவது குறளில் ‘கூலி’ வருகிறது. விதி கைகொடுக்காவிட்டாலும் உடலை வருத்திச் செய்த முயற்சி தன் பயனைத் தந்தே தீரும் என்பது அதன் கருத்து. அந்தப் பயனுக்கு வள்ளுவர் வைத்த பெயர்தான் கூலி. தெய்வத்தோடு ஒப்பிட்டுப் பேசும் இடத்தில் அந்தச் சொல் நிற்கிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, அந்த அதிகாரத்தின் பெயர் ‘ஆள்வினையுடைமை’. கூலி அங்கே ஆளோடும் அவன் வினையோடும் சேர்ந்தே இருக்கிறது.

‘ஊதியம்’ என்ற சொல்லும் குறளில் உண்டு. ஆனால் அது அங்கே மாதச் சம்பளம் அல்ல. 231ஆவது குறளில் உயிருக்குக் கிடைக்கும் பேறு என்ற பொருளில் வருகிறது. 449ஆவது குறளில் பொருள் இன்னும் தெளிவு: முதல் போடாதவருக்கு ஊதியம் கிடையாது என்கிறார். அதாவது ஊதியம் என்றால் முதலீட்டின்மேல் வரும் இலாபம்.

இரண்டாயிரம் ஆண்டுக் கணக்கில் இவை இடம் மாறிக்கொண்டன. வியாபாரியின் இலாபத்தைக் குறித்த ஊதியம், இன்று அரசாங்க அலுவலரின் சம்பளத்துக்கு உரிய மரியாதைச் சொல். முயற்சியின் பயனைக் குறித்த கூலி, இன்று யாரும் ஏற்க விரும்பாத பெயர்.

கூலி என்பது ‘கூலம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று சொல்லாராய்ச்சியாளர்கள் சிலர் கருதுகிறார்கள். கூலம் என்றால் தானியம். மணிமேகலையைப் பாடிய சாத்தனாருக்கு ‘மதுரைக் கூலவாணிகன்’ என்று அடைமொழி உண்டு. அவர் தானிய வியாபாரி. வேலை செய்தவருக்கு நெல்லோ வரகோ அளந்து கொடுத்த காலத்தில் கூலமே கூலியாயிற்று என்பது அவர்கள் விளக்கம். நெல்லை அளந்த ‘படி’யும் அப்படித்தான் பணத்தின் பெயராகி, இன்று ‘பயணப்படி’, ‘பஞ்சப்படி’ என்று அலுவலகங்களில் உலவுகிறது.

‘சம்பளம்’ வடமொழியில் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கும் உணவைக் குறிக்கும் ‘சம்பல’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. சம்பா நெல்லும், உப்பைக் குறிக்கும் அளமும் சேர்ந்தது என்பது மக்களிடையே வழங்கும் இன்னொரு விளக்கம். ஆங்கிலத்தில் சம்பளத்தைக் குறிக்கும் ‘சாலரி’யும் லத்தீன் மொழியில் உப்பைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும் எல்லாச் சொற்களும் வயிற்றில்தான் தொடங்குகின்றன. பிறப்பில் எதற்கும் உயர்வு தாழ்வு இல்லை.

வீட்டுக்கும் கூலி, இறைவனிடமும் கூலி

பழைய தமிழில் வீட்டு வாடகைக்கு ‘குடிக்கூலி’ என்று பெயர். வண்டிக்கு வண்டிக்கூலி. ஒன்றைப் பயன்படுத்தியதற்குத் தரும் தொகை எதுவானாலும் அது கூலி. சிங்களத்தில் ‘குலிய’ என்ற சொல் இன்றும் வாடகையைக் குறிக்கிறது. இலங்கை முஸ்லிம்களிடையே ‘கைக்கூலி’ என்றால் மணமகனுக்குக் கொடுக்கும் சீதனப் பணம். மலையாளத்தில் அதே சொல் இலஞ்சம். தமிழ்நாட்டில் மேடையில் அதைச் சொன்னால் காசு வாங்கிக்கொண்டு காட்டிக்கொடுப்பவன்.

சமயத் தமிழில் இன்னும் வியப்பான செய்தி இருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் நற்செயலுக்கு இறைவன் தரும் பலனை ‘நற்கூலி’ என்கிறார்கள். குர்ஆன் மொழிபெயர்ப்புகளில் அந்தச் சொல் பலமுறை வரும். தமிழ் விவிலியத்திலோ பாவத்துக்குக் கிடைப்பது ‘சம்பளம்’. ஆக, இறைவன் தருவது கூலி, பாவம் தருவது சம்பளம். கல்யாணப் பேச்சில் கூலியை மறைத்துச் சம்பளத்தைச் சொல்கிறவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வளவுக்கும் இடையில் ஒரு விதி மாறவேயில்லை. தமிழில் கூலி என்பது கொடுக்கும் பொருள். அதைப் பெறும் மனிதருக்குத் தனிச் சொல் வேண்டும். கூலியாள், கூலிக்காரர் என்று ஓர் ‘ஆள்’ அல்லது ‘கார’ சேர்த்தால்தான் அது மனிதரைக் குறிக்கும். பணம் வேறு, அதை வாங்கும் கை வேறு என்ற வேறுபாட்டைத் தமிழ் காத்து வைத்திருந்தது.

ஆள் உதிர்ந்த இடம்

அந்த வேறுபாடு கப்பலில் ஏறியபோது உடைந்தது. ஐரோப்பியர் இந்தியக் கடற்கரைகளில் சுமை தூக்குவோரைக் குறிக்க ‘கூலி’ என்ற சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசியர் எழுத்துகளிலேயே அது இருக்கிறது. 1886-இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்ற புகழ்பெற்ற அகராதி, இந்தச் சொல்லுக்குக் குஜராத்தின் ‘கோலி’ என்ற இனப்பெயரையும் தமிழின் ‘கூலி’யையும் எடுத்துப் பேசுகிறது. வேர் எதுவாயினும் விளைவு ஒன்றுதான். ஆங்கிலத்தில் ‘கூலி’ என்றால் பணம் அல்ல, மனிதன். கூலியாள் என்ற சொல்லில் இருந்த ஆள் உதிர்ந்து, விலை மட்டும் நின்றது.

பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 2 அன்று ‘அட்லஸ்’ என்ற கப்பலில் இந்தியத் தொழிலாளர்கள் மொரிஷியஸ் தீவில் வந்து இறங்கினார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. கணக்குப் புத்தகங்களில் அவர்கள் ‘கூலிகள்’. இத்தனை மூட்டை, இத்தனை மாடு என்பதைப் போல இத்தனை கூலி.

தென்னாப்பிரிக்காவில் இந்தச் சொல் வேலையையும் தாண்டி ஓர் இனத்தின் பெயராகவே ஆனது. கடை வைத்திருந்தவரும் கூலி, படித்தவரும் கூலி. 1893-இல் அங்கே போன காந்தியைக் ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். இந்தியர்களை ‘சாமி’ என்று இளக்காரமாக அழைக்கும் வழக்கமும் இருந்தது. தமிழர் பெயர்களின் கடைசியில் வரும் சாமிதான் அது. சாமி என்றால் எசமான் என்று பொருள் என்பதைக் காந்தி தன் வரலாற்றில் சுட்டிக்காட்டுகிறார். திட்டுகிறவன் தன்னையறியாமல் எதிரில் நிற்பவரை எசமான் என்று அழைத்துக்கொண்டிருந்தான்! சொல்லின் அகராதிப் பொருள் ஒரு பக்கம் போக, அதைச் சொல்லும் குரலின் பொருள் வேறு பக்கம் போனதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

சீன மொழியிலும் இது நுழைந்தது. அங்கே அதை எழுதப் பயன்படும் இரண்டு எழுத்துகளின் பொருள் ‘கசப்பு’, ‘வலிமை’. ஒலிக்காக எடுத்த எழுத்துகள் கசப்பான உழைப்பு என்ற பொருளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டன. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில் உழைத்த சீனர்களும் ரப்பர் காட்டில் பால் வெட்டிய தமிழர்களும் வேறு வேறு மொழி பேசினார்கள். அவர்கள் இரு சாராரையும் குறிக்க வெள்ளைக்காரர் வைத்திருந்த பெயர் ஒன்றுதான். மலாயிலும் அது ‘கூலி’ என்றே நிலைத்தது.

ரப்பர் காட்டில் ஒரு சொல்லகராதி

1877-இல் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில செமோருக்குப் பக்கத்து நகரான குவாலா கங்சாரில் ஊன்றப்பட்டன. அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது பேராக்கின் காடுகள் தோட்டங்களாயின. தென்னிந்தியாவிலிருந்து ஆட்களை எடுக்க 1907-இல் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் வந்தது. ஒப்பந்த முறை மலாயாவில் 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு கங்காணி முறையே ஓங்கி நின்றது.

‘கங்காணி’ என்பது கண்காணி என்ற சொல்லின் மருவிய வடிவம். மேற்பார்க்கிறவர் என்று பொருள். தமிழ் விவிலியத்தில் சபையை மேற்பார்க்கும் ஆயரைக் குறிக்க அதே ‘கண்காணி’ வருகிறது. தோட்டத்திலோ அந்தச் சொல் வேறு வாழ்க்கை வாழ்ந்தது. கங்காணி தன் ஊருக்குப் போய்ச் சொந்தபந்தங்களிடமும் அக்கம்பக்கத்திலும் பேசி ஆள் திரட்டினார். அவர் கொண்டுவந்த ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. ஆள் என்பது அங்கே தலையாகச் சுருங்கியது.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் ஒரு படி கீழே போனது. ஒரு நாள் வேலைக்கு அங்கே ‘பேர்’ என்று பெயர். செக்ரோல் புத்தகத்தில் பெயருக்கு நேரே குறி விழுந்தால் ஒரு பேர். கொழுந்து குறைந்தால், நேரம் தவறினால் ‘அரைப்பேர்’. தாய் தந்தை வைத்த முழுப்பெயர், தோட்டக் கணக்கில் பாதியாக வெட்டப்பட்டது. தொழிலாளியின் கடனைக் குறித்த சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். அந்தக் கடனை அடைக்கிற தோட்டத்துக்கு அவர் கைமாறலாம். 1921-இல்தான் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

மலாயாத் தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது ‘பிரட்டு’. பட்டாளத்து அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இப்படி ஆனது. அவர்கள் வாழ்ந்த வரிசை வீடுகளை ஆங்கிலேயர் ‘கூலி லைன்’ என்றார்கள். தொழிலாளர்கள் முதல் பாதியை உதறிவிட்டு, மிச்சத்தை ‘லயம்’ ஆக்கிக்கொண்டார்கள். சங்கீதத்தில் தாளத்தோடு சேரும் அந்த இனிய சொல்லை மண்சுவர் வீட்டுக்கு வைத்தார்கள். வெட்கப்பட வேண்டிய சொல் எது என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

ஐம்பது காசும் ஒரு சைக்கிளும்

சொல் தாழ்ந்ததற்கு அந்தத் தொகையும் ஒரு காரணம். 1920களின் கடைசியில் மலாயாவில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலக மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது 1930களின் தொடக்கத்தில் அது பாதியை நெருங்கும் அளவுக்கு வெட்டப்பட்டது. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ரப்பர் விலை ஏறினால் முதலாளிக்கு ஊதியம், விலை இறங்கினால் தொழிலாளிக்குக் கூலி வெட்டு. குறளில் தனித்தனியே நின்ற இரண்டு சொற்கள் தோட்டத்தில் இப்படி எதிரெதிராக நின்றன.

இந்திய அரசின் சார்பில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்து ஆராய்ந்து 1937-இல் அறிக்கை கொடுத்தார். கங்காணி வழி ஆள் எடுப்பது நிற்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. 1938-இல் இந்தியா, உதவி பெற்று மலாயாவுக்குப் போகும் தொழிலாளர் பயணத்தைத் தடை செய்தது.

1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலானோர் முன்னின்ற வேலைநிறுத்தம் வெடித்தது. அதன் கோரிக்கைகளைப் படித்தால் இந்தச் சொல்லின் முழு வரலாறும் புரிந்துவிடும். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு ஆகியவற்றைக் கேட்டார்கள். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

காசு கேட்டவர்கள் ஏன் சைக்கிளைப் பற்றியும் பேசினார்கள்? தங்கள் கூலியின் அளவு மட்டும் அவர்கள் பிரச்சினை அல்ல. தாங்களே கூலி என்று நடத்தப்படுவதும் பிரச்சினை. ஆள் வேறு, கூலி வேறு என்ற பழைய தமிழ் இலக்கணத்தைத்தான் அவர்கள் திரும்பக் கேட்டார்கள். பதிலுக்குப் பட்டாளம் வந்தது. துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அடுத்து வந்த ஜப்பானியர் சயாம் – பர்மா ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆண்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் வைத்த பெயர் ‘ரோமுஷா’. ஜப்பானிய மொழியில் அதற்குத் தொழிலாளி என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. போருக்குப் பின் தென்கிழக்காசியாவில் அந்தச் சொல் கேட்டாலே மரணம் நினைவுக்கு வந்தது. கூலிக்கு நூறாண்டில் நேர்ந்தது, ரோமுஷாவுக்கு மூன்றே ஆண்டுகளில் நேர்ந்தது.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பதில்

செமோருக்கு அடுத்த ஊரான சுங்கை சிப்புட் 1948 ஜூன் 16 அன்று உலகச் செய்தியானது. அங்கே தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. தொழிற்சங்கங்கள் கடுமையாக ஒடுக்கப்பட்டன. பிறகு 1954-இல் பி.பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அந்தக் காலத்தில்தான் மேடைகளிலும் தமிழ்ப் பத்திரிகைகளிலும் ‘கூலி’ என்ற பெயர் ஒதுங்கி, ‘தொழிலாளி’ முன்னுக்கு வந்தது. தொழிலை ஆள்பவர் தொழிலாளி. உதிர்ந்துபோன ஆள் இந்தச் சொல்லில் திரும்பி வந்தான்.

அதே சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். விடுதலைக்குப் பின் பெரிய தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் லயத்து வீட்டையும் ஒருசேர இழந்தன. 1960-இல் அவர் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் சிறுதொகை போட்டுப் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன.

இந்தச் செயலைச் சொற்களால் சொன்னால் இப்படி வரும்: கூலியிலிருந்து முதல் பிறந்தது, முதலிலிருந்து ஊதியம் பிறந்தது. முதல் இல்லாதவருக்கு ஊதியம் இல்லை என்ற 449ஆவது குறளுக்குத் தோட்டத் தொழிலாளர்கள் கொடுத்த பதில் அது. கூலியாளாக வந்தவரின் மகன் பங்குதாரர் ஆனபோது, சொல்லை மாற்றுவதைவிட நிலைமையை மாற்றுவதுதான் பெரிது என்பதும் தெரிந்தது.

சொல்லை மாற்றியவர்களும் வைத்துக்கொண்டவர்களும்

உலகெங்கும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. மொரிஷியஸில் கப்பல்கள் வந்து நின்ற படித்துறைக்கு முன்பு ‘கூலி காட்’ என்று பெயர். இன்று அது ‘ஆப்ரவாசி காட்’, அதாவது குடியேறிகள் துறை. 2006-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பெயர் மாறியது, இடம் காக்கப்பட்டது.

பிஜித் தீவு வேறு வழியில் போனது. ஆங்கிலத்தில் ஒப்பந்தத்தைக் குறிக்கும் ‘அக்ரிமெண்ட்’ அங்கே தொழிலாளர் வாயில் ‘கிர்மித்’ ஆனது. துன்பத்தின் பெயரான அதை அவர்கள் உதறவில்லை. 2023 முதல் கிர்மித் நாள் அங்கே அரசு விடுமுறை.

தமிழ்நாட்டின் தஞ்சை வட்டாரத்தில் ‘கூலி’ என்பது போராட்டச் சொல்லாகவே நின்றது. கூலியில் அரை மரக்கால், அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட உழவுத் தொழிலாளர் பட்ட பாட்டின் உச்சம், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் நடந்த கொடுமை. 44 பேர் தீயில் கருகினார்கள். அந்த மண்ணில் ‘கூலி உயர்வு’ என்று சொல்ல யாரும் வெட்கப்படவில்லை. 1948-இல் இந்தியா இயற்றிய சட்டமும் தமிழில் ‘குறைந்தபட்சக் கூலிச் சட்டம்’ என்றே வழங்கியது. மலேசியாவில் 2013-இல் 900 ரிங்கிட்டாகத் தொடங்கி 2025-இல் 1,700 ரிங்கிட் ஆன தொகையைத் தமிழ்ப் பத்திரிகைகள் ‘குறைந்தபட்ச சம்பளம்’ என்று எழுதுகின்றன. மலாயில் செய்த வேலைக்குத் தருவது ‘உப்பா’, மாதச் சம்பளம் ‘காஜி’. சட்டம் தேர்ந்தெடுத்ததும் காஜிதான். கூலியைத் தவிர்த்ததன் காரணம் இந்நாட்டுத் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பெயர் யாருக்கு?

இதோடு கதை முடிந்திருந்தால் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் சொற்கள் ஒருவரை விட்டு இறங்கினால் இன்னொருவர் தோளில் ஏறிக்கொள்கின்றன.

செமோரைச் சுற்றியும் நாடெங்கும் செம்பனைத் தோட்டங்களிலும் கட்டுமான வேலைகளிலும் தொழிற்சாலைகளிலும் இன்று இருப்பவர்களில் பலர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களும் கடன் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கும் ஊரில் ஆள் பிடித்து அனுப்பும் தரகர்கள் இருக்கிறார்கள். அவர்களும் வரிசைக் கொட்டகைகளில் தங்குகிறார்கள். ‘நாலு பங்ளா போட்டால் வேலை முடிந்துவிடும்’ என்று பேசுவதைக் காப்பிக்கடையில் கேட்கலாம். ஒரு நாட்டின் பெயர் அங்கே வேலைக்காரனின் பெயராகிவிட்டது. நாலு பேர் என்றுகூட வருவதில்லை. ‘ஆள்’ மறுபடியும் காணாமல் போகிறது.

அப்படிப் பேசுகிறவர்களில் தமிழர்களும் உண்டு என்பதுதான் வேதனை. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்து இறங்கிய தாத்தாவின் பேரன், விமானத்தில் வந்து இறங்கிய இன்னொருவரைப் பார்த்து அதைச் சொல்கிறார். தாத்தா வரிசையில் நின்ற பிரட்டுக் களத்தில் இன்று வேறு ஒருவர் நிற்கிறார், அவ்வளவுதான் வேறுபாடு.

ஆகவே ‘கூலி’ இழிவான சொல்லா என்ற கேள்விக்குச் சொற்களை ஒப்பிட்டுப் பார்த்தபின் கிடைக்கும் விடை இது. உழைப்பின் பயனைக் குறிக்கும்வரை அதில் ஒரு மாசும் இல்லை. நகைக்கடையிலும் நற்கூலியிலும் குறளிலும் அது தலைநிமிர்ந்தே நிற்கிறது. மனிதனுக்கே அதைப் பெயராக வைத்த அன்றுதான் அது கெட்டது. கெடுத்தது சொல் அல்ல என்பதால், சொல்லை மறைத்துவைப்பதால் எதுவும் சீராகாது. தாத்தா கூலி வாங்கினார் என்று பேரப்பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்லலாம். எவ்வளவு வாங்கினார், எதற்காக அது வெட்டப்பட்டது, அதற்காக யார் போராடினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அவர் கூலி வாங்கினார், கூலியாக இருக்கவில்லை. அந்த ஒரு வேறுபாட்டைத் தாத்தாவுக்குக் கேட்கிறவர்கள், இன்று செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருக்கும் அந்த வங்காளதேசத்து இளைஞருக்கும் கொடுக்க வேண்டும். அவருக்கும் தாய் தந்தை வைத்த பெயர் ஒன்று உண்டு. முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.